நான் மறைத்து நின்ற இரண்டு நிமிடம்

முதலில் உதடுதான். வாயில் ஒன்றும் இல்லாமலே என் மனைவி மரியம் சப்புக்கொட்டுவாள். பிறகு வலக்கை சேலைத் தலைப்பைக் கிள்ளும், இடக்கை விறைத்துக்கொள்ளும். கண் திறந்தே இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். இரண்டு நிமிடம். முடிந்ததும், "எதுக்கு மச்சான் இப்படி முன்னால வந்து நிக்கிய?" என்று கேட்பாள்.

கீழே விழுந்து துடிப்பதுதான் வலிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். இதுவும் வலிப்புதான் என்று டாக்டர் சொன்னபோது எங்கள் மகள் ஜமீலாவுக்கு ஐந்து வயது. தாராவியில் கீழே என் தோல்பைப் பட்டறை, மேலே குடித்தனம். சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும்.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இது இருந்தால், நான் செய்ததைத்தான் நீங்களும் செய்துகொண்டிருப்பீர்கள். மறைப்பீர்கள். உதடு அசைந்ததுமே நான் அவளுக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். பட்டறையில் என்றால் வேலையாட்களை டீ குடிக்க அனுப்புவேன். கல்யாண வீட்டில் என்றால் பக்கத்திலிருப்பவரிடம் உரக்க வியாபாரம் பேசுவேன். பதின்மூன்று வருடத்தில் இந்த வேலையில் நான் பெரிய கெட்டிக்காரன் ஆகியிருந்தேன்.

மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. மாதத்துக்கு இரண்டு முறை வந்தது வாரத்துக்கு மூன்று முறை ஆனது. ஒரு நாள் எரியும் ஸ்டவ்வின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே எங்களைப் பார்த்தவர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண் டாக்டர். தமிழ் பேச வரும், படிக்க வராது என்று அவரே சொல்லிச் சிரித்தார். சி.டி. ஸ்கேனில் (எக்ஸ்ரே கொண்டு மூளையைத் துண்டு துண்டாகப் படமெடுப்பது) ஒன்றும் தெரியவில்லை. இ.இ.ஜி. (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்னோட்டத்தை வரைவது) இரண்டு பக்கமும் ஏதோ இருப்பதாகச் சொன்னது. வலிப்பு ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது என்றால் அறுவை செய்து பார்க்கலாம். இரண்டு பக்கமும் என்றால் முடியாது. அதை அறிய ஒரு புதுப் பரிசோதனை இருக்கிறது என்றார்.

வலிப்பு கிளம்பும் இடத்துக்கு அந்த நேரத்தில் ரத்தம் அதிகமாக ஓடும். அப்போதே கதிரியக்க மருந்தை (மிகக் குறைந்த அளவில் கதிர்வீசும் மருந்து) நரம்பில் ஏற்றினால் அது ரத்தத்தோடு போய் அங்கேயே தங்கிவிடும். பிறகு காமா கேமராவின் (அந்தக் கதிரைப் பார்க்கும் கருவி) முன் சாவகாசமாகப் படுக்கவைத்தாலும், ஊசி போட்ட நொடியில் மூளை இருந்த நிலைதான் படத்தில் வரும். அணு ஆராய்ச்சிக்காரர்களின் மருந்து என்றதும் மரியத்துக்கு டிராம்பே ஞாபகம் வந்துவிட்டது. "அணுகுண்டு செய்ற எடம்லா மச்சான்?" என்றாள். கோவண்டிக்குப் பை கொண்டுபோகும்போது தூரத்தில் நான் பார்த்த அந்த இடத்து வேலிதான் எனக்கும் ஞாபகம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மாத்திரையைக் குறைத்து, இடக்கையில் ஊசியைச் செருகிவைத்து, கட்டிலில் காத்திருக்கச் சொன்னார்கள். மருந்து காலையில் ஈயக் குடுவையில் வரும், மாலைக்குள் வீரியம் போய்விடும். அதோடு கலக்கவேண்டிய வெளிநாட்டுப் பொடி எங்களுக்கென்று இரண்டு புட்டிதான் இருந்தது. கலந்தால் அரை மணி நேரம்தான் தாங்கும். அதனால் வலிப்பு தொடங்கிய பிறகே கலக்கமுடியும். உதடு அசைந்ததும் மணி அடிப்பது என் வேலை. பதின்மூன்று வருடமாக வரக்கூடாது என்று துஆ கேட்டவன், வரவேண்டும் என்று கேட்டேன். கேட்கவே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. வார்டு முழுக்க ஆட்கள். நான் எழுந்தேன், அவளுக்கு முன்னால் போய் நின்றேன், சேலையை இழுத்துவிட்டேன். மணி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கை அதற்குப் போனபோது வலிப்பு முடிந்து மரியம் கண்ணைச் சிமிட்டத் தொடங்கியிருந்தாள்.

எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் என்றேன். அதை நம்பி ஒரு புட்டியைக் கலந்து ஏற்றினார்கள்.

மறுநாள் படம் வந்தது. இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக நிறம். அறுவைக்கு வழியில்லை போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மரியம் தலையாட்டிவிட்டு ஸ்டவ் சுட்ட கையைத் தடவிக்கொண்டாள்.  வராந்தாவில் டாக்டரின் பின்னால் ஓடி உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "சார், வலிப்பு முடிஞ்சப்பறம் போட்ட ஊசி அது. உங்க பேச்சை நம்பி அவங்க தலையெழுத்தையே எழுதியிருப்பேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு புட்டி மிச்சம். கட்டில் இன்னும் இரண்டு நாள்தான். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு மருந்தைக் கலப்பவர் கிளம்பிவிடுவார். நாலரைக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். காட்கோபரிலிருந்து ரஹ்மத் மைனி (எனக்கு அண்ணி முறை) பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். தன் மகனுக்கு எங்கள் ஜமீலாவைக் கேட்டிருப்பவர். மரியத்துக்குப் பித்தப்பையில் கல் என்றுதான் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

மைனி நிக்காஹ் தேதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மரியத்தின் உதடு அசைந்தது.

என் கால் தானாக நகர்ந்து இருவருக்கும் நடுவே போய் நின்றது. அதை இன்றும் மறக்கமுடியவில்லை. பிறகு விலகினேன், மணியை அழுத்தினேன், போதாதென்று கத்தினேன். "வலிப்பு வந்திருக்கு, ஓடி வாங்க!" வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை நான் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஓடி வந்தார்கள். கலந்தார்கள், ஏற்றினார்கள். அப்போதும் அவள் கை தலைப்பைக் கிள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மைனி சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். "கல்லுன்னுலா சொன்னிய தம்பி?"

"இல்ல மைனி. வலிப்பு. பதிமூணு வருசமா."

அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. ஜமீலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நோயைச் சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உங்களுக்கு நான் எழுதமாட்டேன்.

ஆனால் படத்தில் வலது காதுக்கு மேலே ஒரே ஒரு இடம் பளீரென்று இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரியம் வெகுநேரம் பார்த்தாள். "இத்தன வருசம் இத நீங்க மட்டுந்தான் பாத்திய. இப்பத்தான் நான் பாக்கேன்" என்றாள். அவளிடமிருந்தும் அதை மறைத்திருக்கிறேன் என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து அறுவை நடந்தது. தலைவலி உண்டு, மாத்திரை இன்னும் உண்டு. வலிப்பு இதுவரை வரவில்லை. மாற்றம் எனக்கும்தான். உரக்கப் பேசிப் பேசிக் கட்டையாகிப்போன என் குரல் தணிந்திருக்கிறது. கால் மட்டும் இன்னும் பழசை விடவில்லை.

போன வாரம் பரிசோதனை முடிந்து மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். நல்ல கூட்டம். அவள் உதட்டைத் துடைத்தாள். நான் போய் முன்னால் நின்றுவிட்டேன்.

"மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வண்டி வாறது தெரிய மாட்டுக்கு."

வண்டிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. தள்ளி நின்றேன்.