காலைக் காப்பிக்குப் பந்தயம் கட்டிய கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரைப் பழுது பார்ப்பவனுக்கு எப்போதும் இரண்டு நோயாளிகள்: ஒன்று மேஜை மேல் கிடக்கும், இன்னொன்று எதிரே நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும். பரணிலிருந்து அப்படி ஒன்றை இறக்கித் துடைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சங்கரன்கோவிலில் டி.வி. ரிப்பேர் கடையை மூடியும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காதவன் நான். என்னிடம் வந்ததிலேயே பெரிய கேஸ், ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர் செல்வியுடையது. கீபோர்டு அளவே உள்ள பெட்டி. டி.வி.யில் சொருக வேண்டும். புரோகிராம் எல்லாம் பாட்டுக் கேசட்டில் இருக்கும். கல்யாணமான புதிதில் அதில் தானே ஒரு கேம் எழுதியதாக டீச்சர் சொல்கிறார். வீட்டுக்காரர் சிவசுப்பு அண்ணாச்சி நம்பவில்லை. பந்தயம் ஆகிவிட்டது. கேம் ஓடினால் இனிக் காலைக் காப்பி அண்ணாச்சி போட வேண்டும். ஓடாவிட்டால் டீச்சர் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

தேள் குடித்தனம்

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தேள், சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது. அது கொடுக்கைத் தூக்கிய வேகத்தில் பொறி பறந்தது என்றால் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம். அதை வெளியேற்றி, ஊதிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். லைட் எரிந்தது. ஆனால் டீச்சர் அதற்குள், விஷப்பூச்சி அண்டாமலிருக்க நம் ஊர் வழக்கப்படி தேள் உருவம் பொறித்த தகடு ஒன்றை வாங்கிக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்க என்னத்தையோ மாத்தினது இருக்கட்டும். தகடு போட்டேன், லைட்டு எரியுது."

மொட்டைமாடி வைத்தியம்

பெட்டியின் வெள்ளை மூடி மஞ்சள் பூத்திருந்தது. பியூட்டி பார்லரில் முடியை வெளுக்க வைக்கும் கிரீமைத் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலில் மூடி மட்டுமா வெளுத்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காக்காயும் சாம்பல் நிறமாகத்தான் பறந்து போயிற்று. அடுத்த மாடியிலிருந்து பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வடகம் இப்பம் இந்த சைஸ்லயும் போடுதாங்களா? காஞ்சா எங்களுக்கும் ரெண்டு எடுத்து வைங்க."

மூன்று மடங்கு மெமரி

புது டி.வி.யில் படம் வருவதற்காக உள்ளே ஒயரை மாற்றினேன். அத்தோடு விட்டேனா, மெமரியையும் மூன்று மடங்கு ஆக்கினேன். பெருமையாகச் சொன்னபோது அண்ணாச்சி தன் போனை எடுத்து, யாரோ அனுப்பிய ரோஜாப்பூவைக் காட்டினார்.

"இந்தக் குட்மார்னிங் ஒண்ணு கூட உம்ம பெட்டிக்குள்ள அடங்காதே வே."

பெரியோர்களே

கேசட்டைப் போட்டோம். கேம் இருந்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். வந்தது, "பெரியோர்களே" என்று அண்ணாச்சியின் குரல். ரிட்டயர் ஆன அன்று ஆபீஸில் பேசியதை, கையில் கிடைத்த கேசட்டில் பதிந்திருக்கிறார். டீச்சர் எழுதிய கேம் அதில் அழிந்தே போயிற்று. அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் பேச்சு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. டீச்சருக்கு முகம் வாடியதே தவிர வாய் வாடவில்லை.

"இத்தன வருசமா நானும் அதத்தான் சொல்லுதேன்."

மறுபக்கம்

"கேசட்டத் திருப்பிப் போடுங்க," என்றார் டீச்சர் என்னிடம். "கணக்கு டீச்சர் ஒரு தடவையோட விடுவாளா?" கேசட்டை நம்பாதவர்கள் எதையும் இரண்டு முறை பதிவார்கள், அவர் இரண்டாவதை மறுபக்கத்தில் பதிந்திருந்தார்.

கீச்சென்றது. டி.வி.யில் கட்டம் கட்டமாக ஒரு மீசைக்காரன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டினான். அடுப்படியிலிருந்து ஒரு பெண்ணை ஓட வைத்து அவனுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். வழியில் கொட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், கொடுத்தால் இன்னொன்று கேட்பான். ஆட்டம் முடிவதே இல்லை.

டீச்சர் பெட்டியை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார். ஆட்டத்தில் வரிசையாகக் காப்பியைக் கொட்டித் தோற்ற பிறகு, அண்ணாச்சி என் காதோரம் குனிந்தார்.

"வே, டிகாஷனுக்குத் தண்ணி பில்டர்ல மேல ஊத்தணுமா, கீழ ஊத்தணுமா?"

அந்தப் பெட்டி இன்றுவரை மக்கர் செய்யவில்லை. அண்ணாச்சியின் காப்பியையும் ஒருநாள் குடித்துப் பார்த்தேன், அதைப் பழுது பார்க்கத்தான் என்னிடம் சாமான் இல்லை.