மாம்பழச் சாலை வாக்குமூலம்

பாலக்கரையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அந்த டுடோரியல் காலேஜ் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள் பணம் கட்டிப் படிக்கிற இடம். நான் அங்கே படிக்கவில்லை. பானையில் தண்ணீர் நிரப்புவது, கரும்பலகை துடைப்பது, மணி அடிப்பது என் வேலை. சம்பளம் வந்தால் வரும். ராத்திரி இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் முசிறியிலிருந்து வாழைத்தார் லாரியில் வந்து இறங்கியவனுக்கு அது நல்ல இடம். அதற்கு முன் படுத்த இடங்களில் கூரை கிடையாது.

இங்கிலீஷ் வாத்தியாருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ஒரு சொல்லை உரக்கச் சொல்வார். அதற்கு முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் சேர்த்து வகுப்பு திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ‘கிரேட்ஃபுல்’ என்றால் வகுப்பு ‘டீப்லி கிரேட்ஃபுல் டு’ என்று கத்தும். ‘சூட்டபிள்’ என்றால் ‘ஹைலி சூட்டபிள் ஃபார்’. நடுவில் இருப்பது குணம். முன்னால் வருவது அந்தக் குணம் எவ்வளவு என்று சொல்லும். பின்னால் வருவது கொக்கி, அடுத்து வரப்போகும் ஆளையோ பொருளையோ பிடித்துக்கொள்ளும். பொன்மலையிலிருந்து வந்த பையன்களுக்கு இது சுலபமாகப் புரிந்தது. அவர்கள் வீட்டில் எல்லாரும் ரயில் பெட்டி கோக்கிறவர்கள்.

நாம் ‘நாய்க்கு’, ‘நாயிடம்’ என்று பெயரின் வாலிலேயே எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறோம். இங்கிலீஷ்காரன் அந்த வாலை நறுக்கிப் பெயருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டான். அதிலும் இன்ன குணத்துக்கு இன்ன வால் என்று கட்டுப்பாடு. பயத்துக்கு ஆஃப், கோபத்துக்கு வித், கெட்டிக்காரத்தனத்துக்கு அட். ஏன் அப்படி என்று ஒரு பையன் கேட்டான்.

“வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இனிமே யார்கிட்டப் போய்க் கேக்கறது? சொல்லுடா, ‘ஆங்ரி’.”

“டெரிபிளி ஆங்ரி வித்!”

வகுப்பு நடக்கும்போது நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். கத்தாமல் இருப்பது கஷ்டம். நானும் கத்துவேன். சில மாதங்களில் வாடகை பாக்கிக்காகக் கட்டடக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். வாத்தியார் கும்பகோணம் பக்கம் போனார் என்றார்கள். எனக்குப் பெஞ்சு போயிற்று, கோவை கோவையாக இங்கிலீஷ் மட்டும் மிச்சம்.

மாடிக்குக் கீழே, மரத்தடியில் ஒரு பாய் தன் குதிரை வண்டியை நிறுத்துவார். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கூப்பிட்டார்.

“மேல கத்திக்கிட்டு இருந்தியே தம்பி, அது இங்கிலீசா?”

“ஆமா பாய்.”

“வெள்ளைக்காரங்ககிட்டப் பேசுவியா?”

“அவங்க மொதல்ல பேசினா நான் பேசுவேன்.”

அவருக்கு அது போதுமாக இருந்தது. ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி ஸ்ரீரங்கம் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர்கள் அப்போதும் சிலர் இருந்தார்கள். டாக்சிக்காரர்கள் அவர்களை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துப் பாய் வயிறு எரிந்துகொண்டிருந்தார். வண்டியில் இங்கிலீஷும் இருக்கிறது என்றால் நாலு பேர் ஏறுவார்கள் என்பது அவர் கணக்கு. ஏறவும் செய்தார்கள்.

குதிரைக்கு வயதாகிவிட்டது. அதைப் பாய் ‘புள்ளே’ என்று கூப்பிடுவார். தோளில், வண்டியோடு பூட்டுகிற தோல்பட்டை உரசி ஒரு புண். அதன்மேல் எண்ணெயில் நனைத்த சாக்குத்துண்டு ஒன்றைப் போட்டு, அதற்குமேல் பட்டையைக் கட்டுவார். மிருகவதைத் தடுப்பு இன்ஸ்பெக்டர் அந்த வருஷம் குதிரை வண்டி ஸ்டாண்டிலிருந்து பிடித்துக்கொண்டு போன குதிரைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. இது போனால் பாய்க்கு வேறு குதிரை இல்லை, வேறு தொழிலும் தெரியாது. அவர் வீட்டில் எல்லாரும் அந்தக் குதிரையின் காலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் தொப்பியும் காமிராவுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் தனியாக வந்து ஏறினார். ஸ்ரீரங்கத்தில், பாதியிலேயே நின்றுபோன தெற்குவாசல் மொட்டைக் கோபுரத்தைக் காட்டினேன். கட்டிய ராஜாவுக்குப் பணம் ‘ஷார்ட்’ ஆகிவிட்டதா என்பதுபோல ஏதோ கேட்டார். ‘பேட்லி ஷார்ட் ஆஃப்’ என்றேன். ராஜாக்களுக்கும் அந்தக் கஷ்டம் உண்டு என்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். வெகுநேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மாம்பழச் சாலையில், காவேரிப் பாலம் ஏறும் முன்பு, குதிரை கால் இடறி நின்றது. சாக்குத்துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அந்த அம்மாள் குதித்து இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். பிறகு கையைத் தட்டி டிராபிக் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் வேகமாகப் பேசினார். அதில் எனக்கு ‘அவேர்’ மட்டும் காதில் விழுந்தது.

“ஃபுல்லி அவேர் ஆஃப், மேடம்” என்றேன்.

“என்னய்யா கேக்கறாங்க?” என்றார் கான்ஸ்டபிள்.

“புண்ணு இருக்கறது இவருக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க. நல்லாவே தெரியும்னு சொன்னேன்.”

“யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?” என்றார் பாய்.

அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. ‘ரெஸ்பான்சிபிள்’ என்று ஒரு சொல். “என்டயர்லி ரெஸ்பான்சிபிள் ஃபார்” என்று பாயைக் காட்டினேன். கான்ஸ்டபிளுக்கு அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. வண்டியின் பின்பக்கம் போய் லைசென்ஸ் தகட்டைக் குனிந்து பார்த்தார். பாய் கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காரியம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வாசலில் உட்கார்ந்து பழகிய வாய். ‘அஷேம்ட்’ என்று காதில் விழுந்ததும் “தரோலி அஷேம்ட் ஆஃப்” என்றது. ‘சாரி’ என்றதும் “ட்ரூலி சாரி ஃபார்” என்றது. ஒரு தப்பு இல்லை. வாத்தியார் இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

அந்த அம்மாள் பேசுவதை நிறுத்தினார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வண்டிக்காரர்களோடு சண்டை போட்டிருப்பார். ஒருவரும் இவ்வளவு ஒழுங்காக, கேட்ட கேள்விக்கெல்லாம் முழுசாக ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பாயைப் பார்த்தார். பாய்க்குக் கண் கலங்கியிருந்தது. அது குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அந்த அம்மாளுக்கு அது வருத்தமாகத் தெரிந்தது.

கான்ஸ்டபிளிடம் கையை ஆட்டி, வேண்டாம் என்றார். பிறகு தானே பட்டையின் கொக்கியைக் கழற்றி, குதிரையை வெளியே கொண்டுவந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்தின்மேல் நடக்க ஆரம்பித்தார்.

“புண்ணு ஆறாம இதை வண்டியில பார்த்தேன், நானே ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்” என்றார் கான்ஸ்டபிள். “இப்ப வண்டியை எடுங்க. ரோட்டை அடைச்சுக்கிட்டு.”

ஏர்க்காலில் ஒன்றைப் பாயும் ஒன்றை நானும் பிடித்து இழுத்தோம். முன்னால் அம்மாளும் குதிரையும், பின்னால் காலி வண்டியோடு நாங்கள். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினார்.

“என்ன பாய், இன்னிக்குக் குதிரைக்கு லீவா?”

பாய் குனிந்து இழுத்தார். பாலத்தின் நடுவில் என்னிடம் கேட்டார்.

“அப்படி என்னதான்டா சொன்ன?”

“நீங்க எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க பாய்.”

“நான் எப்படா ஒத்துக்கிட்டேன்?”

“தெரிஞ்சுதான் செஞ்சீங்க, பொறுப்பு உங்களுதுதான், வெக்கப்படறீங்க, வருத்தப்படறீங்க.”

பாய் ஏர்க்காலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“கடைசி ரெண்டும் நெசந்தான்” என்றார். “மொத ரெண்டை எதுக்குடா சொன்ன?”

“மொதல்ல அதைத்தான் கேட்டாங்க.”

புண் ஆறும்வரை குதிரையை வண்டியில் பூட்டவில்லை. பாய் தினமும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டார். அந்த நாட்களில் நான் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை சுமந்தேன். கிடைத்ததைப் பாய் வீட்டில் கொடுத்தேன். அங்கே எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். தட்டில் சோறு இருந்த நாட்களும் உண்டு. பாய் ஸ்டாண்டில் போய் மற்றவர்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, அவர்கள் கொடுத்த புல்லை வாங்கிக்கொண்டு வந்தார். குதிரைதான் எங்களில் நன்றாகத் தேறியது. புண் இருந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்தது.

மறுபடி பூட்டிய முதல் நாள் ஜங்ஷனில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, குதிரையின் தோளைப் பார்த்து, என்னிடம் ஏதோ கேட்டார். வாயைத் திறந்தேன். பாய் என் தோளைப் பிடித்தார்.

“மொதல்ல என்கிட்டச் சொல்லு. என்ன கேக்கறாரு?”

“‘சேஃப்’னு காதுல விழுந்துச்சு. வண்டி பத்திரமான்னு கேக்கறாரு போல.”

“ஆமாங்கறதை மட்டும் சொல்லு. முன்னாடியும் ஒண்ணும் வேணாம், பின்னாடியும் ஒண்ணும் வேணாம்.”

“யெஸ்” என்றேன்.

அவர் ஏறி உட்கார்ந்தார். பாய் “போ புள்ளே” என்றார். குதிரை கிளம்பியது. சொல்லாமல் விட்ட ‘பெர்ஃபெக்ட்லி’யும் ‘ஃபார்’ என்பதும் சத்திரம் வரை என் வாய்க்குள்ளேயே வந்தன.