மூன்று கோடி நெத்தலி

பேய், குறி, கண்ணூறு என்று எதையும் நான் கணக்கில் எடுத்தவன் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன், விடை வந்தால் வழியைக் காட்டு என்றுதான் பிள்ளைகளிடம் கேட்பேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்தேயிருப்பேன்.

போன வருடம் கணிதப் போட்டியொன்றுக்கு வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைசி வினாவுக்கு 36878783 என்ற எண்ணை எடுத்தேன். அது பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது என்று காட்ட, வெறும் வீம்புக்குக் கணினியைத் தொடாமல் இரண்டு கிழமை கொப்பியில் வகுத்துப் பார்த்தேன். எதனால் வகுத்தாலும் மீதி வந்தது. அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நாள் காலை, அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் உப்புவெளிக்குக் கருவாடு வாங்கப் போனேன்.

நான் வழக்கமாகக் கருவாடு வாங்கும் பிலோமினா அக்கா கடற்கரையில் வலை விரித்து நெத்தலியை வரிசை வரிசையாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம், யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. எண்ணைச் சொல்லி, “இவ்வளவு நெத்தலி இருந்தா, ஒண்டும் மிஞ்சாம சமனான வரிசையா அடுக்க ஏலாது அக்கா” என்றேன்.

அவர் கொஞ்சநேரம் மணலைப் பார்த்தார்.

“ஏன் ஏலாது சேர்? வரிசைக்கு நாலாயிரத்து அறுநூற்றைம்பத்தேழு. அப்பிடி ஏழாயிரத்துத் தொளாயிரத்துப் பத்தொன்பது வரிசை. ஒண்டும் மிஞ்சேல்லயே.”

சிரித்துக்கொண்டே கருவாடு சுற்றிய பேப்பரில் பெருக்கினேன். நம்பினால் நம்புங்கள், கடைசி இலக்கம்வரை சரி. வீட்டுக்கு ஓடிவந்து கொப்பியைப் புரட்டினால், 4657ஆல் வகுத்த இடத்தில் ஒரு கழித்தல் பிழை. அந்தத் தாள் அச்சில் போயிருந்தால், சரியாக எழுதிய பிள்ளைக்கு நான் பூச்சியம் போட்டிருப்பேன்.

பிறகு ஒவ்வொரு சனியும் போனேன். பத்து இலக்கம், பன்னிரண்டு, இருபது என்று எண்களைக் கொண்டுபோவேன், அவர் சொன்னதைப் போனில் சரிபார்ப்பேன். ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. பகா எண் வந்தால் மட்டும், “இது வரிசைக்கு வராது சேர், ஒரே நீட்டுக்குப் போகுது” என்பார். பட்டம் பெற்ற நான் அந்த மணலில் வாயைப் பிளந்து நின்றேன்.

“எப்பிடி அக்கா இவ்வளவு கெதியா அடுக்கிறீங்கள்?”

“நான் எங்க சேர் அடுக்கிறன்? அங்க முதலே அடுக்கித்தான் கிடக்கு. நான் பாத்துச் சொல்லுறன்.”

எண்களைப் பற்றி இதைவிட அழகாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ஆசையில்தான், இதுவரை எந்தக் கணினியாலும் காரணிகளாகப் பிரிக்க முடியாத, இருநூற்றறுபது இலக்க எண்ணொன்றை ஒருநாள் கொண்டுபோனேன். நல்ல மத்தியான வெயில். ஒவ்வோர் இலக்கமாக வாசித்து முடித்தேன். எப்போதும் மணலைப் பார்ப்பவர், அன்று எழும்பி நின்று என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“இது இன்னும் அடுக்கி முடியேல்ல சேர்” என்றார். “கை தெரியுது.”

திரும்பினேன். கடல் மட்டும்தான்.

“ஆரின்ர கை அக்கா?”

“மெல்லக் கதையுங்கோ” என்றார், உதடு அசைவது தெரியாமல். “உங்கட சத்தத்தில அது நிண்டிட்டுது.”

அந்த எண்ணை இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை. நான் இப்போதும் அவரிடம்தான் கருவாடு வாங்குகிறேன். விலையைக்கூட மெதுவாகத்தான் கேட்கிறேன்.