ஆற்றோரத் தெரு காலியான விதம்

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது, எங்கள் குடியிருப்பின் பின்சுவருக்கும் அடையாற்றுக்கும் நடுவில் வரிசை வரிசையாகக் குடிசைகள் இருந்தன. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் அங்கேதான் இருந்தாள். குழாயடியில் சண்டை வந்தால், சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே அவள் குரல் எனக்குத் தெரிந்துவிடும்.

பல வருடம் கழித்து ஒருநாள் நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னாக்கா எழுதிக்கீது?"

ஆற்றங்கரையைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. "இப்படித்தான் பயமுறுத்துவாங்க. ஒண்ணும் ஆகாது," என்றேன். எனக்கு எதுவும் தெரியாது; சும்மா சொன்னேன்.

பத்தாம் நாள் காலை லாரிகள் வந்தன. மொட்டைமாடியிலிருந்து பார்த்தோம். மத்தியானத்துக்குள் பீரோ, கட்டில், பிள்ளைகள் என்று எல்லாம் லாரியில் ஏறியாகிவிட்டது. "இனிமே கொசுத்தொல்லை கொறையும்," என்றார் என் கணவர். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அவளிடம் அதை நான் சொன்னதே இல்லை.

ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் அவளுக்கு வீடு கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அதற்குள் தெருவும் மாறத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து, பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டை விற்றார்கள். அங்கே எழும்பிய ஐந்து மாடியில் வாடகைக்கு வந்தவர்கள் பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வேறிடம் போனார்கள். கடைசியில் எங்கள் குடியிருப்பையும் இடித்துப் புதிதாகக் கட்ட பில்டர் வந்தார். எட்டு வீட்டில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நாங்கள் போடவில்லை. வாட்ச்மேன் நின்றுவிட்டார். தண்ணீர் மோட்டார் பழுதானது. சரிசெய்ய ஆள் வரவில்லை. ஒரு பகலில் மேல்வீட்டில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. பில்டரின் ஆட்கள் ஜன்னல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு மேலே பார்த்தாள். "எங்களுக்குப் பத்து நாள் குடுத்தாங்க. உங்களுக்கு எவ்ளோ நாள்க்கா?"

"எங்கள அப்படியெல்லாம் பண்ண முடியாது," என்றார் கணவர்.

அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. போன் போட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அவள் இருந்த பிளாக் எது என்று ஒருநாளும் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

சமையலறைச் சுவரில் விரிசல் விட்ட அன்று நாங்களும் கையெழுத்துப் போட்டோம். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம், போவதற்குமுன் சொல்லிக்கொண்டு வரலாமென்று தெருமுனைவரை நடந்தேன். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு செக்யூரிட்டி எழுந்து நின்று, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை.