‘பொறு’ என்றால் ‘இறக்கு’

கிரேன்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்திரண்டு வருஷமாகப் பாரம் தூக்குகிறவர், ஒரு செங்கல்லைக்கூடத் தவறிப் போட்டதில்லை. அந்த மனுஷரைத்தான் அன்று இஞ்சினியர் அத்தனை பேர் முன்னால் வைத்து, "கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். நாலாவது மாடிக்குக் கம்பிக்கட்டு போய்க்கொண்டிருந்தது. வாக்கிடாக்கி செத்து மூன்று வாரம். கேட்டபோதெல்லாம் இஞ்சினியர், "கையக் காட்டினா போதாதா? கல்யாணப் பேச்சா பேசப்போறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போவார். அன்று மாடியில் கை காட்ட நின்றவர் வேறொரு கான்ட்ராக்டரிடமிருந்து முந்தின நாள்தான் வந்தவர். உள்ளங்கையைக் கீழே காட்டி ஆட்டினார். கிரேன்காரர் இறக்கினார். மாடியில் பாரத்துக்குக் கீழே நின்ற கம்பி கட்டுகிறவர் துள்ளி விலகினார், ஆனாலும் வலது கால் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போயிற்று.

கிரேன்காரர் ஏணியில் இறங்கி மாடிக்கு வந்தார். புதியவரின் சட்டையைப் பிடித்தார்.

"என்னய்யா காட்டின?"

"பொறுன்னு காட்டினேண்ணே! எங்க சைட்ல அப்படித்தான் காட்டுவோம்."

பிடித்த கை தானாக விட்டது. கிரேன்காரருக்கு அது ‘இறக்கு’. ஒருவரும் இவர்கள் இருவரையும் நிற்கவைத்து, எதற்கு எது என்று பேசவிடவில்லை. ஒரு நிமிஷ வேலை அது. கோபம் அப்படியே திரும்பி இஞ்சினியர் மேல் பாய்ந்தது.

"சார், நாங்க ஒரே பாஷையில கை காட்டற வரைக்கும் கொக்கி அசையாது."

"வேற ஆளப் போட்டுக்கறேன்."

"போடுங்க. அவனுக்கும் இதையேதான் சொல்லுவேன்."

கிரேன் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். சித்தாள் பெண் ஒருத்தி, "எங்க தலைமேலதானே சார் அது போகுது?" என்றாள். "என்னமோ பேசித் தீருங்க" என்று கையை உதறிவிட்டு இஞ்சினியர் நிழலுக்குப் போனார்.

மதியம் முழுக்கச் சண்டை. ‘நிறுத்து’ என்பதற்கே மூன்று விதமான கை! கத்தி, திட்டி, கடைசியில் ஏழு சைகையை முடிவுசெய்து பலகையில் வரைந்து மாட்டினார்கள். தினமும் காலையில் எல்லோரும் ஒருமுறை காட்டிப் பார்த்த பிறகுதான் வேலை என்றானது. சாயங்காலமே புது வாக்கிடாக்கியும் வந்தது. அடுத்த மாடி சொன்ன நாளுக்கு நாலு நாள் முன்பே முடிந்தது. முதலாளி வந்து இஞ்சினியர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கிரேன்காரர் காறித் துப்பிவிட்டு மேலே ஏறிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர், "உங்க மேல எனக்குக் கோபமில்லண்ணே" என்றார்.

"எனக்கு இருக்குடா," என்றார் கிரேன்காரர். "மூணு வாரம் முன்னாடி, வாக்கிடாக்கி செத்த அன்னிக்கே கிரேன விட்டு இறங்கியிருக்கணும் நான்."