இட்லிப் பானையில் நண்டு

அப்பாவின் ஆபீஸ் மேனேஜர் வீட்டில் சனிக்கிழமை சீஃபுட் பாயில், குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார் என்று அப்பா வந்து சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏங்க, பாயிலயா? தட்டு கிடையாதா?"

அப்பா அரை நாள் சிரித்தார். பாயில் என்றால் வேகவைப்பது, கீழே விரிக்கிற பாய் இல்லை என்று விளக்கம் வேறு சொன்னார். எனக்கு அப்போது எட்டு வயது. டாலஸ் பக்கம் காப்பெல்லில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று எல்லாக் கம்பெனியும் பயந்துகொண்டிருந்த காலம். அந்தப் பயத்தில்தான் அப்பாவுக்கு வேலையே கிடைத்தது.

அங்கே போய்ப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் நடந்தது. தோட்டத்தில் நீள மேஜை போட்டு, அதன்மேல் நியூஸ் பேப்பரை விரித்து, அண்டாவில் வெந்ததை எல்லாம் அப்படியே கொட்டினார்கள். நண்டு, இறால், மக்காச்சோளம், தோலோடு உருளைக்கிழங்கு. தட்டும் இல்லை, ஸ்பூனும் இல்லை. சுற்றி நின்று கையால் எடுத்துத் தின்ன வேண்டியதுதான். "நான் சொல்லல?" என்று அம்மா அப்பாவை முழங்கையால் இடித்தாள்.

அம்மாவுக்குத் தூத்துக்குடி. டெக்சாஸ் வந்த இரண்டு வருஷத்தில் நல்ல நண்டைக் கண்ணால் பார்க்கவில்லை என்று எப்போதும் புலம்பல். ஓட்டை உடைக்க ஆளுக்கொரு மரச் சுத்தியல் கொடுத்திருந்தார்கள். அம்மா அதைத் தொடவே இல்லை. பல்லாலேயே ஏழு நண்டு. மேனேஜரின் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம், நண்டு வெந்த தண்ணீரை அவர்கள் புல்லில் ஊற்றியதுதான். "அம்புட்டு சாறையும் கீழ ஊத்திட்டானே!" என்று கிளம்புகிற வரை அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உப்பும் மிளகாயும் குடித்த புல் அப்புறம் என்ன ஆனதோ தெரியாது.

மிஞ்சியதை ஒரு பெரிய அலுமினிய டிரேயில் போட்டு, மேலே ஃபாயில் மூடிக் கொடுத்தார்கள். ஃப்ரீவே முழுக்க அது என் மடியில்தான் இருந்தது.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் சுடவைக்கிற வேலை. அப்பா, "மைக்ரோவேவ் எதுக்கு இருக்கு? மூணே நிமிஷம்" என்று ஒரு தட்டை உள்ளே வைத்தார். உருளைக்கிழங்கு ஒன்று வெடித்தது. இறால் ரப்பர் பேண்ட் மாதிரி சுருண்டது. நண்டுச் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு, நார் நாராக வந்தது.

"இன்ஜினியராம்!" என்று அம்மா மீதி டிரேயை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "வெந்ததை மறுபடி வேகவைக்கலாமாங்க? ஆவி காட்டினாப் போதும். இட்லி மாதிரி."

எங்களுடையது எட்டு இட்லி வேகிற சின்னக் குக்கர். நண்டை வைத்தால் கால் நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு பானை இருந்தது, ஒரே ஈட்டில் முப்பத்திரண்டு இட்லி வேகிற பானை. அது மாடி ஆண்ட்டியுடையது.

இந்த ஆண்ட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு நேர் மேல்வீடு. கும்பகோணத்துக்காரர், சுத்த சைவம். முட்டை சேர்த்திருக்கும் என்று கேக்கைக்கூடத் தொடமாட்டார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தியக் கடை, லைப்ரரி, என் பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் ஆண்ட்டிதான் ஓட்டிக்கொண்டு போவார். பார்க்கிங் லாட்டில் அம்மாவுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அப்பா சொல்லிக்கொடுத்தபோது இரண்டு பேரும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை, அது தனிக் கதை. தினமும் நாலு மணிக்கு ஆண்ட்டி எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார். அவருக்கென்று பால் காய்ச்ச ஒரு பாத்திரம், ஒரு டம்ளர், ஒரு கரண்டி தனியாக மேல் அலமாரியில் இருக்கும். "அக்கா, உங்க பாத்திரத்துல கவிச்சி படாது. என்னைய நம்பலாம்" என்று அம்மா பழகிய புதிதிலேயே சொன்னாளாம். அந்த ஊரில் அம்மாவுக்கு வேறு சிநேகிதி கிடையாது.

அந்தப் பானை, ஊரிலிருந்து ஆண்ட்டியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் சூட்கேஸில் வந்த பானை. என் பர்த்டேக்கு இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மா அதைப் பார்த்தாள். டிரேயைப் பார்த்தாள்.

"வேணாம், அது அவங்களோடது" என்றார் அப்பா.

"கழுவிட்டாப் போச்சு. பானைக்கு என்ன நாக்கா இருக்கு, போய்ச் சொல்றதுக்கு?"

இட்லித் துணியை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தாள். பானையில் தண்ணீர் ஊற்றி, டிரேயின் அடியில் தேங்கியிருந்த சாறையும் அதில் வழித்து விட்டாள். இட்லித் தட்டுகளில் நண்டை அடுக்கி, சோளத்தை இடுக்கில் செருகி, மூடி போட்டு ஏழு நிமிஷம். இறாலைக் கடைசி இரண்டு நிமிஷத்துக்குத்தான் உள்ளே விட்டாள்.

மூடியைத் திறந்தபோது வந்த வாசனை இருக்கிறதே! நண்டுச் சதை பஞ்சு மாதிரி கழன்று வந்தது. நேற்றைவிட நன்றாக இருந்தது, சத்தியமாக. அப்பா வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

அதற்கப்புறம் அம்மா பானையைத் தேய்த்தாள் பாருங்கள், அப்படி ஒரு தேய்ப்பு. புளி, எலுமிச்சைத் தோல், பேக்கிங் சோடா. மூன்று தடவை வெந்நீர் கொதிக்கவிட்டுக் கொட்டி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். அம்மா மோந்து பார்த்தாள், அப்பா மோந்து பார்த்தார், நானும் பார்த்தேன். "ஒண்ணும் வரல" என்றார் அப்பா. "லேசா வருதோ?" என்றாள் அம்மா.

சாயங்காலம் துணியைப் பானைக்குள் மடித்து வைத்து என்னிடம் கொடுத்தாள். "ஏட்டி, ஆண்ட்டிகிட்ட குடுத்துட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டு ஓடியாந்துரு." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஸ்கூலிலோ, வீக்எண்டில் வீட்டில் நடந்ததை எழுந்து நின்று நன்றாகச் சொன்னால் ஸ்டிக்கர் கொடுப்பார்கள்.

நான் தேங்க்ஸ் சொன்னேன். ஆண்ட்டி இரண்டு கையாலும் பானையை வாங்கிக்கொண்டார்.

"என்னடி கொழந்தே, இன்னிக்கும் இட்லியா?"

"நோ ஆண்ட்டி, வீ மேட் கிராப்! இட்ஸ் ஸோ குட்!"

"இதுலயா?"

"எங்களோடது ஸ்மால். லெக்ஸ் ஃபிட் ஆகல."

ஆண்ட்டி குனிந்து பானையைப் பார்த்தார். உள்ளே கொண்டுபோகவில்லை. அப்புறம் என் கன்னத்தைத் தட்டி, பானையைத் திரும்ப என் கையிலேயே வைத்தார். "இது அம்மாகிட்டயே இருக்கட்டும். நாங்க ரெண்டே பேர், நாலு இட்லி. இத்தனை பெரிசு எனக்கு எதுக்கு?"

படியில் குதித்து இறங்கினேன். "அம்மா, ஆண்ட்டி நமக்கே குடுத்துட்டாங்க! ஃப்ரீ!"

அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நீ என்னட்டி சொன்ன?" என்றாள். சொன்னதை எல்லாம் சொன்னேன். செருப்புக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள். பத்து நிமிஷத்தில் கண் சிவந்து இறங்கி வந்தாள்.

"ஆண்ட்டி திட்டினாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லல" என்று பானையை எடுத்து உயரத்தில் வைத்தாள். அழுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பெரிய பானை, சும்மா கிடைத்திருக்கிறது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு அம்மா கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலேகாலுக்கு ஆண்ட்டி வந்தார். அம்மா துள்ளி எழுந்து காபி போடப் போனாள்.

"காபி வேண்டாம்மா. குடிச்சா ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கறது. அந்த வாழைப்பழம் ஒண்ணு குடேன்."

தானே உரித்துச் சாப்பிட்டார். தோலைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் அம்மாவை ஃப்ரீவேயில் ஓட்ட வைக்கப் போவதாகச் சொன்னார். சொன்னபடியே ஓட்ட வைத்தார். அம்மாவுக்கு லைசென்ஸும் கிடைத்தது. நாங்கள் வீடு மாறிப் போகிற வரை, மூன்று வருஷம், அவர் நாலு மணிக்கு வராத நாள் குறைவு. வந்தால் ஒரு வாழைப்பழம். அம்மா எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரு சீப்பு வாங்கிவிடுவாள், மேஜையில் பழம் இல்லாத நாளே கிடையாது. ஆண்ட்டிக்கு வாழைப்பழம் என்றால் உயிர் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஒன்றே ஒன்று மிச்சமிருக்கிற நாளில், எவ்வளவு பசித்தாலும் தொடாமல் அவருக்கென்று விட்டுவைப்பேன்.