கத்தரி காணாத கூந்தல்

"இந்தத் தலையில கத்தரிக்கோல் பட்டா, அன்னிக்கே நான் செத்தேன்னு வச்சுக்குங்க. ஒரு முடி பிளந்து பாத்திருக்கீங்களா? பிளக்காது லா. பிளந்தா என் பேரு பெட்டி இல்ல."

கியா பார்ம் மலைச்சந்தைச் சாலையோரத்தில், தன் கடையின் ஸ்ட்ராபெரிக் கூடைகளுக்கும் முட்டைக்கோசுக் குவியலுக்கும் நடுவே நின்று இந்தப் பிரகடனத்தை வெளியிட்டவள் கிரகரியின் மனைவி பெட்டி. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில்தான். பின்னல் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. கோலாலம்பூர்க்காரர்கள் தேயிலை மலையைப் படம் எடுக்க வந்து அவள் பக்கம் கேமராவைத் திருப்பினால், மலைதான் குறுக்கே வந்துவிட்டது என்று பெட்டி எண்ணிக்கொள்வாள்.

அவள் போகும் கிறிஸ்தவச் சபையில் பெண்கள் முடி வெட்டுவதில்லை. அது எல்லாருக்குமான ஒழுங்கு. ஆனால் வெட்டாமலே நுனி பிளக்காமல் இருப்பது தனக்கு மட்டும் அருளப்பட்டது என்பது பெட்டியின் தாழ்மையான கருத்து. தாழ்மை என்பதால் அதை எல்லாரிடமும் சொன்னாள். பக்கத்துக் கடைத் துளசி ஒருநாள் தன் முடி நுனி துடைப்பமாகப் போனதைக் காட்டி வைத்தியம் கேட்டபோது, பெட்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் என்னம்மா செய்யும்? மனசு ரெண்டா இருந்தா முடியும் ரெண்டாத்தான் போகும்" என்றாள். துளசி அன்றிலிருந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டு வியாபாரம் பார்த்தாள்.

பெட்டியின் பராமரிப்பு முறை உலகுக்குத் தெரிய வேண்டியது. மலைக்குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அதைச் சோற்றுக் குக்கர் மூடியில் வைத்து உருக்கி எடுப்பாள். கொதிக்கக் கொதிக்கத் தேயிலைத் தூள் டிக்காஷன் போட்டுத் தலையை அலசுவாள். "தோட்டத்துப் பொம்பளைக்குத் தேயிலைதான் ஷாம்பூ." பிறகு துண்டால் பரபரவென்று தேய்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் முடியை விரித்துப் போட்டு வறுக்காத குறையாக உலர்த்துவாள். முடியைப் பிளக்கச் செய்வது எப்படி என்று எவராவது ஆராய்ந்திருந்தால் இதைவிடத் திருத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. அப்படியும் நுனி பிளக்கவில்லை. அதற்குப் பெயர் அற்புதம்.

சனிக்கிழமை மதியம் அந்த அற்புதத்துக்குப் பின்னல் போடுபவள் கரேன். கிரகரியின் தங்கை, அடுத்த வீடு. பெட்டி முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஞாயிற்றுக்கிழமைக்கான பாட்டுகளை லயம் முழுக்கக் கேட்கும்படி பாடுவாள். கரேன் பின்னால் நின்று எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னி முடிப்பாள். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒற்றுமையாக இருப்பதைப் பற்றிச் சபையில் ஒரு பிரசங்கமே நடந்திருக்கிறது.

பாஸ்டரம்மா ஜெயா ஒருநாள், "சிஸ்டர், வருசக் கடைசிப் பொம்பளைங்க கூட்டத்துல நீங்க முடியைப் பத்தி, கர்த்தர் செஞ்ச அற்புதம்னு சாட்சி சொல்லுங்களேன். பின்னல அவுத்தே காட்டிடலாம், ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். பெருமையில் பெட்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை. சாட்சியோடு ஒரு வீடியோவும் காட்டினால் விளக்கமாக இருக்குமே என்று கரேனின் மகள் வனஸ்ஸாவைக் கூப்பிட்டாள். அவள் போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து, பட்டனைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வீடியோவைப் பெட்டி முதலில் பார்த்தபோது தன் முடியைப் பார்த்தாள். மறுபடி போட்டுத் தன் குரலைக் கேட்டாள். அதற்குப் பிறகும் அலுக்காமல் பார்த்தபோதுதான், போனால் போகிறது என்று கரேனின் கையையும் கொஞ்சம் பார்த்தாள்.

அந்தக் கை சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தது. பாட்டின் உச்சத்தில், பின்னல் நுனியை முறுக்கிப் பிடித்து, துருத்தி நின்றதையெல்லாம் நறுக்கியது. நறுக்கியதைப் பாக்கெட்டில் போட்டது. ரப்பர் வளையத்தை மாட்டியது. கேமரா இருக்கிறதே என்ற நினைப்பே அதற்கு வரவில்லை. பயற்றங்காய்க்கு நார் உரிக்கிறவளின் முகம் கரேனுக்கு.

பெட்டி செருப்புக்கூடப் போடாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"கரேன்! இது என்ன?"

கரேன் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்து முடித்து, முந்திரிப்பழம் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றாள்.

"எத்தன வருசமாடி?"

"வனஸ்ஸா பாலர் பள்ளிக்குப் போன காலத்துலேர்ந்து அண்ணி."

வனஸ்ஸா இப்போது ஈப்போவில் கல்லூரி இரண்டாம் வருடம்; லீவுக்கு வந்திருக்கிறாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"சொன்னேனே! நுனி பிளக்குது, சுடுதண்ணி ஊத்தாதீங்க, அடுப்புகிட்டக் காய வைக்காதீங்கன்னு. பொறாமக்காரின்னு சொல்லிக் கிறிஸ்மஸ் வரைக்கும் பேசல நீங்க. நான் குடுத்துவிட்ட பலகாரத் தட்டக்கூடத் திருப்பி அனுப்பிட்டீங்க. அப்புறம் நான் என்ன செய்ய? தானா ராத்தா டவுன்ல இருக்கிற சலூன்காரியக் கேட்டேன். பிளந்தது ஒட்டாது, அப்பப்ப வெட்டி விடுன்னா. வெட்டி விட்டேன்."

"திருடி!"

"என்னத்தத் திருடுனேன்? அர விரலு முடி!"

"என் சாட்சியவே திருடிட்டியேடி! நான் ஊரு முழுக்கச் சொன்னனே... அந்தத் துளசிகிட்ட என்னெல்லாம் சொன்னேன்!"

"அத நான் சொல்லச் சொல்லல அண்ணி" என்றாள் கரேன், தரையைப் பார்த்து.

பெட்டி வீட்டுக்கு வந்து கிரகரியிடம் முறையிட்டாள். தேயிலை மில்லில் இயந்திரம் பார்க்கிற மனிதர், எதற்கும் அதிராதவர். "அதுவா? நான் கூட்டுறப்ப, சிந்துனது கீழ கெடக்கும் லா" என்றார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"முடி நல்லாத்தான இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சோறு யாரு போடுவா?"

ஒரே கூரையின் கீழ் ஒருவன், ஒரே சுவரின் பின்னால் ஒருத்தி. கட்டியவனும் கட்டியவனின் தங்கையும் சேர்ந்து இத்தனை வருடமாகத் தன் தலையின் மேலேயே சதி நடத்தியிருக்கிறார்கள். தானோ கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டி அன்றிலிருந்து கரேனைத் தலையில் கை வைக்க விடவில்லை. இனி யார் தயவும் இல்லாமல் நிரூபித்துக் காட்டுவது என்று முடிவு செய்தாள். டிக்காஷனை இன்னும் கெட்டியாகப் போட்டாள், இன்னும் சூடாக ஊற்றினாள்.

முடி யோசிக்கவே இல்லை. ஓரிரு மாதத்தில் நுனி செம்பட்டை தட்டி, ஒவ்வொன்றும் இரண்டாக, சில மூன்றாகக் கிளை விட்டது. சீப்பு பாதியில் நின்றது. பெட்டி பின்னல் நுனியை உள்ளே மடித்து வளையம் போட்டாள். கடையில் முட்டைக்கோசு வாங்க வந்தவள்கூடத் தன் முதுகைத்தான் பார்க்கிறாள் என்று பட்டது; பின்னலைச் சுருட்டித் துண்டு கட்டிக்கொண்டாள். துளசி ஒருநாள், "என்னக்கா, நீங்களும் துண்டு கட்டிட்டீங்க?" என்றாள். அதில் குத்தல் இல்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் கரேன் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டுத் தட்டினால் ஓடி வருவாள். பெட்டி தட்டவில்லை. கிரகரி மீசை நறுக்கும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு நுனியைப் பிடித்தாள். ஒரு வெட்டு. கோணலாகப் போயிற்று. சரிசெய்ய இன்னொன்று.

வெளியே வந்து போனை எடுத்தாள்.

"பாஸ்டரம்மா, நாளைக்கு என் சாட்சி வேணாம். வேற யாரையாச்சும் பேசச் சொல்லுங்க."

"ஏன் சிஸ்டர்? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முடி பிளந்துச்சு. வெட்டிட்டேன்."

பெட்டி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"மீன் பொரிக்கணும் பாஸ்டரம்மா, வச்சிடுறேன்" என்றாள் பெட்டி.